எல்லப்பன் ஹாஜர்

ஆம்பூர்
3-11-1924

சௌபாக்கியவதி பட்டம்மாளுக்கு உன் வீட்டுக்காரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். நாற்றம் என்றால் நாற்றம், ஊருக்கு அரை மைல் இருக்கும்போதே மூக்கு என்னைத் திரும்பிப் போகச் சொன்னது. நாலு நாள் தோல் பதனிடும் ஷாப்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே பதில், "ஆள் ஜாஸ்தி, போப்பா."

இன்று காலை ஒரு ஷாப்பு வாசலில் நின்றிருந்தேன். மேஸ்திரி அப்துல் ஹமீத் ரிஜிஸ்தரைப் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "எல்லப்பன்!" என்றார். யாரும் பேசவில்லை. மறுபடி கூப்பிட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஹாஜர்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் தலையைக்கூடத் தூக்காமல் கோடு போட்டார். வேலை கிடைத்துவிட்டது!

சிரிக்காதே. கடுதாசி உறைமேல் எல்லப்பன் என்றே எழுது, அப்போதுதான் என் கைக்கு வரும். உனக்கும் ஒரு தொல்லை விட்டது. புருஷன் பேரை எழுதக் கூடாதென்று எதிர்வீட்டானைக் கெஞ்ச வேண்டாமே.

இப்படிக்கு,
ஆதிகேசவன்

ஒடுகத்தூர்
9-11-1924

என் நாதர் அவர்களுக்கு அடியாள் பட்டம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது.

அப்பாவுக்கு இருமல் அப்படியே இருக்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டது. எனக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது, குழந்தை நன்றாக உதைக்கிறது.

வேலை கிடைத்ததில் சந்தோஷந்தான். ஆனால் யாரோ ஒருவர் பேருக்கு நீங்கள் ஏன் வாயைத் திறந்தீர்கள்? பேய் இரண்டு தரந்தான் கூப்பிடும் என்பார்கள்; இருட்டில் குரல் கேட்டால் மூன்றாந்தரம் கூப்பிடும்வரை நம் ஊரில் யாராவது பதில் கொடுப்பார்களா? நீங்கள் இரண்டாந்தரத்துக்கே கொடுத்துவிட்டீர்கள். அந்த எல்லப்பன் எங்கே போனார் என்று முதலில் விசாரியுங்கள். தை மாதம் வளைகாப்புக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பட்டம்மாள்

ஆம்பூர்
24-11-1924

பட்டம்மாளுக்கு,

விசாரித்தேன். பாலாற்றில் வெள்ளம் வந்த அன்று எல்லப்பன் தோல் அலசப் போயிருக்கிறான். திரும்பவில்லை. உடலும் அகப்படவில்லை, அதனால் பேரை அடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

தோலில் ஒட்டிய சதையைச் சீவும் கத்தியை நான் எப்போது தொட்டேன்? முதல் நாளே அது என் கையில் நின்றது, அதுவும் இடது கையில். மேஸ்திரி என் முகத்தை நேராகப் பார்த்து, "இன்னா எல்லப்பா, இத்தினி நாளு எங்க போய்ட்ட?" என்கிறார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

நடுப்பகலில் அவன் பெண்சாதி வள்ளியம்மாள் கூழ்ச்சட்டியோடு வாசலில் நிற்கிறாள். அவளும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். "இன்னாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள், நீ கூப்பிடுவது போலவே. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். என்னைப் பார்த்து அவள் அழவில்லை, திடுக்கிடவும் இல்லை. சட்டியை நீட்டினாள். எனக்குப் பயமாக இருக்கிறது பட்டம்மா. ஆனால் நேற்று வாங்கிக் குடித்துவிட்டேன்.

ஒடுகத்தூர்
1-12-1924

என் நாதர் அவர்களுக்கு,

அந்த வேலை நமக்கு வேண்டாம். இதைப் பார்த்ததும் புறப்பட்டு வாருங்கள். இங்கே கடலை பிடுங்கியாவது பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் எழுத்து எப்போதும் நேராக நிற்கும். போன கடுதாசியில் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கையெழுத்தும் போடவில்லை. உறையைப் பிரித்தபோது மடியில் ஆற்று மணல் கொட்டியது. அந்த அம்மாள் கையால் இனி எதையும் வாங்காதீர்கள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், வயிற்றுப் பிள்ளைக்காரி நான் அவரை விட்டு எப்படி வருவேன்? நீங்கள்தான் வர வேண்டும்.

பட்டம்மாள்

ஆம்பூர்
20-12-1924

பட்டம்மாளுக்கு,

கடுதாசி வந்தது. என் சட்டை எத்தனை வெயிலில் போட்டாலும் உலர்வதில்லை.

வளைகாப்பு என்று எழுதியிருந்தாய். யாருக்கு என்று வள்ளியம்மாள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாளாக ஒன்றை யோசிக்கிறேன். இங்கே வருவதற்கு முன் என்னை எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள்? உன் கடுதாசிகளை எடுத்துத் தேடினேன். நாதர் என்றும் நீங்கள் என்றுந்தான் இருக்கிறது. உறைமேல் எல்லப்பன் என்று நீயே எழுதியிருக்கிறாய். வேறு பேர் இருந்தால் சீக்கிரம் எழுது.

ஒடுகத்தூர்
27-12-1924

ஆதிகேசவன்.

தாலி கட்டிய நாளிலிருந்து இந்தப் பேரை நான் சொன்னதில்லை. சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னாள். சொல்லாமல் இருந்தே உங்களை விட்டுவிடுவேனோ என்று இப்போது பயப்படுகிறேன்.

ஆதிகேசவன், நான் கூப்பிடுகிறேன். நம் குழந்தைக்கு நாளை தகப்பன் பேர் கேட்பார்கள். ஆதிகேசவன், வந்துவிடுங்கள். இனி அந்த இன்னொருவர் பேரை என் கையால் எழுதமாட்டேன். உறைமேலும் உங்கள் பேரையே எழுதியிருக்கிறேன்.

உங்கள்
பட்டம்மாள்

(இக்கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறையின் பின்புறம், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில்:)

ஆம்பூர்
3-1-1925

ஐயா அல்லது அம்மா,

ஆதிகேசவன் என்ற பேருக்கு இந்தக் கடுதாசி வந்தது. அப்படி ஒருவர் இங்கு வேலையில் இல்லை. மேஸ்திரி ஹாஜர் எடுக்கும்போது மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்பதால் எழுதி அனுப்பச் சொன்னார்.

மூன்றாந்தரம் கூப்பிட்டபோது நான் ஏனோ ஓரடி முன்னே வைத்துவிட்டேன். அந்த மனிதர் எங்கிருந்தாலும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லப்பன்