கடிகாரமும் உன் கட்சிதான்

அக்காவுக்கு,

தூங்குகிறவளை எழுப்ப உன் தம்பிக்குத் தைரியமில்லை. எழுப்பினாலும் நீ அவனோடு பேசப்போவதில்லை. அதனால் இந்தச் சீட்டு.

போன வாரம் மழையில் உன்னைப் பேருந்து நிறுத்தத்தில் காக்கவைத்துவிட்டு, "நான் லேட் இல்லக்கா, உன் வாட்ச்தான் வேகமா ஓடுது" என்று சாதித்தானே, அந்த அறிவாளி அதை நிரூபிக்கவே ரேடியோ கடிகாரம் வாங்கி வந்தான். வானொலி சிக்னலைப் பிடித்து அதுவே மணியைத் திருத்திக்கொள்ளும். யாருக்காகவும் பொய் சொல்லாது.

அதோடு வந்த சிக்னல் வாங்கும் பெட்டியை முதலில் ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். முட்கள் எல்லாம் பன்னிரண்டுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டன. கெட்டுப்போச்சு என்று தட்டினான், குலுக்கினான், கடைக்காரரைத் திட்டினான். சிக்னலுக்காகக் காத்திருக்கிறதாம், கையேட்டின் முதல் வரியே அதுதான். பெட்டியை ஜன்னலுக்கு மாற்றியதும் முட்கள் விறுவிறுவென்று சுற்றிவந்து சரியான மணியில் நின்றன.

மேசைமேல் நீ கழற்றிவைத்த வாட்சை எடுத்துப் பக்கத்தில் பிடித்தான். நொடிகூடப் பிசகவில்லை. அவன் கையில் கட்டியிருந்த வாட்ச்தான் பின்னால் அசைந்தாடி வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் பெட்டியை நகர்த்தாதே. அங்கிருந்த உன் பூந்தொட்டி குளியலறையில் பத்திரமாக இருக்கிறது. சாப்பாடு அடுப்புமேல் மூடியிருக்கிறது. உப்பு போட்டானா என்பது அவனுக்கே சந்தேகம்.

சாயங்காலம் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது குடையோடு நிற்பான்.

பி.கு.: இதை எழுதியதில் கல்லூரிக்கு லேட். இந்தத் தடவை வாட்ச்மேல் பழி போட வழியில்லை.

இன்னொன்று: தன் வாட்சைத் திருத்திக்கொண்டான். புதுக் கடிகாரத்தைப் பார்த்து அல்ல, உன்னுடையதைப் பார்த்து.