இன்வெர்ட்டரில் ஓடிய யுத்தம்

போகிக்காக வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, அந்தப் பழைய லேப்டாப் கிடந்தது. பையிலிருந்து எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். கீபோர்டு சந்துகளிலிருந்து பழுப்பாக என்னவோ உதிர்ந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் மல்லாட்டைத் தோல், வேர்க்கடலையின் மெல்லிய உள்தோல். வெட்கமில்லாமல் முகர்ந்துகூடப் பார்த்தேன். வறுத்த வாசம் எப்போதோ போயிருக்கும். ஆனாலும் எனக்கு வந்தது.

உன்னைத் தவிர வேறு யாரடி லேப்டாப் மேலே வைத்து மல்லாட்டை தின்பார்கள்? ஓரமாக உட்கார்ந்து தின்னேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "கீபோர்டுக்கும் பசிக்கும்டி" என்பாய். ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவளிடம் நான் என்ன சொல்லி ஜெயிப்பது.

எங்கள் வீட்டுக்காரர் வேண்டாத சாமான்களையெல்லாம் வாசலில் குவித்துக்கொண்டிருந்தார். இதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் கிழிந்த பாயைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். சார்ஜரைத் தேடிச் செருகினேன். முக்கி முனகி உயிர் வந்தது. திரையில் அந்தச் சின்னப் படம் வைத்த இடத்திலேயே இருந்தது. செக்கச்செவேல் என்று மண், வானத்தில் இரண்டு நிலா, இரும்புச் சட்டை போட்ட ஒருவன். நம் விளையாட்டு.

விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் போகிற வழியில், மாடியில், நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்க வேண்டியதில்லை. நீ டேலி மேடம், நான் டைப்பிங் மேடம். நீ திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருவாய், நான் விக்கிரவாண்டியிலிருந்து பஸ்ஸில். தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம் அது. மத்தியானம் கரண்ட் போனதும் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஊரே தலையில் அடித்துக்கொள்ளும். நாம் இருவர் மட்டும் எப்போது போகும், எப்போது போகும் என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருப்போம். பில் போடும் மிஷின் ஒன்றுக்குத்தான் இன்வெர்ட்டர் இணைப்பு. அந்த மிஷினில்தான் விளையாட்டு இருந்தது.

இன்வெர்ட்டரும் கிழடு. ஃபேனையும் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். "ஃபேனா, போரா?" என்று கேட்பாய். ஃபேன் என்று நான் ஒரு நாளாவது சொன்னதுண்டா? சித்திரை மாதத்து உச்சி வெயில், தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வேறு கிரகத்தில் யுத்தம் செய்துகொண்டிருப்போம்.

மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர் போட்டுவிட்டுப் போன விளையாட்டு அது. ஏதோ ஒரு கிரகத்தில் போய் இறங்கிய மனிதர்கள், அங்கே கிடக்கும் வெள்ளைப் பாறையை வெட்டிச் சேர்த்து, அதை வைத்துக் கட்டடம், பீரங்கி, சிப்பாய் எல்லாம் உண்டாக்க வேண்டும். எதிரே பூச்சிகளின் கூட்டம், முட்டையிட்டு முட்டையிட்டுப் பெருகும். தாயம் ஆடுகிற மாதிரி உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை என்பதெல்லாம் கிடையாது. நாம் கட்டிக்கொண்டிருக்கும்போதே அது வந்து அடிக்கும். முதல் வாரம் முழுக்க நமக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் செத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாறைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள் நீ, உப்பு என்று வைத்துக்கொள், முடிந்தது என்றாய். வெட்டுகிற ஆட்கள் முகமூடி போட்டிருப்பார்கள், ஆணா பெண்ணா தெரியாது. உப்பளத்தில் பாடுபடுகிறவர்கள் பெரும்பாலும் பொம்பளைகள்தான் என்று சொல்லி அத்தனை பேரையும் அக்கா ஆக்கினாய். பூச்சிகள் வெட்டுக்கிளி. இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் குறுகலான வழிக்கு டோல்கேட் என்று பெயர் வைத்தது நான். "டோல்கேட்ட மூடு, டோல்கேட்ட மூடு" என்று நீ போட்ட கூச்சலைக் கேட்டுவிட்டு, கீழே டீக்கடை வைத்திருந்தவர் மாடியேறி வந்து எங்கே மேடம் மறியல் என்று விசாரித்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நாம் தோற்றோம்.

ஒரு மிஷின், ஒரு மவுஸ், இரண்டு பேர். பிடுங்கிக்கொண்டு சண்டை போட்டோம். கடைசியில் நீதான் பாகம் பிரித்தாய். எனக்கு மவுஸ், உனக்குக் கீபோர்டு. சண்டைக்குப் போவது என் பொறுப்பு, வீட்டைப் பார்ப்பது உன் பொறுப்பு. இடது கையால் நீ ஓர் எழுத்தைத் தட்டினால் புது ஆள் பிறப்பான். ஓர் எண்ணைத் தட்டினால் ஒரு பட்டாளமே எழுந்து நிற்கும். எந்தப் பட்டாளத்தை எந்த எண்ணில் கட்டி வைத்திருக்கிறாய் என்பது உன் விரல்களுக்கு மட்டும்தான் தெரியும். வலது கை மல்லாட்டைப் பொட்டலத்தில் இருக்கும்.

நான் அவசரக் குடுக்கை. கொஞ்சம் சிப்பாய்கள் சேர்ந்தால் போதும், வீட்டில் ஒருவரையும் விட்டு வைக்காமல் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "ஏய், எங்கடி இழுத்துக்கினு போற? ஜல்தியா போய் ஜல்தியா சாவறதுக்கா?" என்பாய். அப்படிச் சொல்லிக்கொண்டே பின்னால் புது ஆட்களைப் பெற்று அனுப்பிக்கொண்டும் இருப்பாய். நான் ஜெயித்த சண்டைகளில் பாதி, நீ பின்னாலிருந்து அனுப்பிய ஆட்களால் ஜெயித்தவை. அப்போது அதை ஒப்புக்கொண்டேனா என்ன.

தோற்கிற மாதிரி இருந்தால், முன்பு சேவ் செய்து வைத்த இடத்துக்கே திரும்பிப் போய் ஆடலாம் என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன். பெரிய புதையல் கிடைத்த மாதிரி உன்னிடம் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

"சேவ் பண்றது வூட்டுக்குப் போறதுக்குடி. தோத்தத மாத்தறதுக்கு இல்ல. தோத்தா தோத்ததுதான்."

அதுவே நம் சட்டம் ஆயிற்று. இரண்டு பேரும் மீறியதில்லை.

சென்டரை மூடிய பிறகு நீ திண்டிவனம் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்தாய், நான் விக்கிரவாண்டியில் ஆதார், பட்டா, ரேஷன் என்று ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தேன். அப்போது வாங்கியதுதான் இந்த லேப்டாப். சென்டர் மிஷினிலிருந்த நம் விளையாட்டையும் இதில் ஏற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். உன் வீட்டுக்காரர் மீன் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து, அம்மணிங்க போர் முடிஞ்சதும் சொல்லுங்க, சோறு போடறேன் என்பார். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற இரண்டு பொம்பளைகள் வெட்டுக்கிளி விரட்டுவதை உன் தெருவே வேடிக்கை பார்த்தது. நாம் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

அப்புறம் உன் உடம்பு படுத்தியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்தாய். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள், நான் லேப்டாப்பைக் கொண்டு வந்தேன். உன் வலது கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இடது கையைத் தூக்கி ஆட்டினாய். "நல்ல வேளடி, கீபோர்டு கை தப்பிச்சிது."

கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தோம். இத்தனை வருஷத்தில் அதுவரை போனதே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வெட்டுக்கிளிகளின் தாய்க்கூடு. அதை உடைத்தால் விளையாட்டே முடிந்துவிடும். ஊர் மாதிரி பெரிதாகக் கட்டி வைத்திருந்தாய். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். நீயே சேவ் செய்தாய். நாளைக்கு முடித்துவிடலாம் என்றாய். மறுநாள் உன்னை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு லேப்டாப்பை நான் பையிலிருந்து எடுக்கவில்லை.

உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது, அழுகை அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது. ஆனால் நீ சேவ் செய்து வைத்த அந்த ஆட்டத்தை மட்டும் திறக்கப் பயமாக இருந்தது. அதற்குள் நீ பாதி ஆட்டத்தில் இருக்கிறாய். நீ கட்டியவை நீ கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. நான் திறந்து ஆடித் தோற்றால், நம் சட்டப்படி அது அதோடு போயிற்று. நீ கடைசியாகக் கை வைத்ததை நானே அழித்த மாதிரி ஆகும். பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று பட்டுப்புடவைக்குக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த போகி அன்றைக்கு அது முனகிய முனகலைக் கேட்டதும் அந்தக் கணக்கும் தப்பு என்று தெரிந்தது. அடுத்த போகி வரைக்கும் இது தாங்காது என்று வீட்டுக்காரர் சொன்னார். பூட்டி வைத்தாலும் போய்விடத்தான் போகிறது. அதற்கு ஆடித் தோற்பது மேல். மறுநாள் பொங்கல் வைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். நான் வேணும்னா கீபோர்டு பார்த்துக்கறேன் என்று அவர் இடது பக்கம் நாற்காலியை இழுத்தார். சும்மா உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டிருங்கள், போதும் என்று சொல்லிவிட்டேன்.

திறந்ததும் உன் ஊர் விரிந்தது. திரை மூலையில் கடுகளவு தூசு ஒட்டியிருந்தது, முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. வீட்டுக்கு வீடு சந்து விட்டு, எல்லைத் தகராறு வராத மாதிரி கட்டியிருக்கிறாயே, அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்றைத் தட்டினேன், பீரங்கிகள். இரண்டு, சிப்பாய்கள். மூன்று, பறக்கிற வண்டிகள். அவ்வளவு போதும் என்று நினைத்தேன். என் இடது கை லாயக்கில்லாத கை. ஆளைப் பெறுவதற்கு ஓர் எழுத்தைத் தட்டினால் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் நின்று போகிறது. பதற்றத்தில் தலைகால் புரியவில்லை. போவதென்றால் இப்போதே போய்விடலாம் என்று, இருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு மலையைத் தாண்டிவிட்டேன். பின்னாலிருந்து ஆள் அனுப்ப யாருமில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம்தான். பீரங்கி, வண்டி, சிப்பாய் எல்லாம் தாய்க்கூட்டு வாசலிலேயே முடிந்தன. திறந்து கிடந்த டோல்கேட் வழியாக வெட்டுக்கிளிகள் உள்ளே வந்தன. உப்பு வெட்டிக்கொண்டிருந்த அக்காக்கள் செத்தார்கள். உன் தெரு ஒவ்வொரு வீடாக எரிந்து சாய்ந்தது. கடைசி வீடும் விழுந்தது. மவுஸை விட்டுவிட்டு மடியில் கை வைத்துக்கொண்டேன். போச்சுடி, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன் என்று உன்னிடம் வாய்விட்டே சொன்னேன்.

தோல்வி என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வர வேண்டும். வரவில்லை. வெட்டுக்கிளிகள் இடிபாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கரும்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாரும் செத்துட்டாங்க இல்ல? அப்புறம் ஏன் இன்னும் ஓடிக்கினே கீது?"

அந்த விளையாட்டில் நம் பக்கம் ஓர் உயிர் மிச்சம் இருக்கும்வரை ஆட்டம் முடியாது. அது எனக்குத் தெரியும். யார் மிச்சம் என்பதுதான் தெரியவில்லை. நான்கைத் தட்டினேன், ஒன்றுமில்லை. ஐந்து, ஆறு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் பூஜ்ஜியம். திரை சட்டென்று தாவி வரைபடத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு பாறைக்குப் பின்னால், உப்பள அக்கா ஒருத்தி, தனியாக, கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே யாரும் கை வைக்காத ஒரு சின்ன உப்புத் திட்டு. திரை மூலையிலிருக்கும் சின்ன வரைபடத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. ஆட்டம் தொடங்கியதும் தூசு என்று நினைத்து முந்தானையால் துடைத்தேனே, அது அவள்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் ஃப்ளாஸ்கில் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தேனே, அந்த நேரத்தில் செய்திருப்பாய். ஒரு கையில் ஊசியோடு, இன்னொரு கையால் மவுஸைப் பிடித்து, அவளை அவ்வளவு தூரம் நடக்க வைத்து ஒளித்திருக்கிறாய். இவள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு நிற்பாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என் மேல் உனக்கு எள்ளளவும் நம்பிக்கை இருந்ததில்லை. அடிப்பாவி, நாளைக்கு முடித்துவிடலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, நாளைக்கு நீ இருக்க மாட்டாய் என்பதை அவளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாய்.

சிரித்தேன், பிறகு அழுதேன். வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கரும்பை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் கடித்துக்கொண்டே அக்காவை உப்பு வெட்டச் சொன்னேன். முதல் வீடு எழும்புவதற்குள் அவர் தூங்கிப் போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன். ஒரு தெரு எழும்பிவிட்டது, சந்தும் விட்டிருக்கிறேன். இடது கை மெல்ல எண்களைப் பழகுகிறது. கிளம்பிப் போய்விடலாம் என்று வலது கை பரபரக்கத்தான் செய்கிறது, அதை அதட்டி வைத்திருக்கிறேன். நானும் ஒருத்தியைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எங்கே என்று வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்: ஆற்றுக்கு அந்தக் கரையில், இரண்டு பாறைக்கு நடுவே.