வாசல் வரைக்கும்

குவனஹுவாத்தோ,
மார்ச் 9, 1986

அன்புள்ள எவுலாலியா அத்தைக்கு,

துணி துவைக்கும் மெஷின் வந்து சேர்ந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல், உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். லெயோன் நகரத்தில் உங்கள் கடையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எங்கள் குறுகலான படிக்கட்டுத் தெருவை நேரில் பார்த்ததுபோல இருக்க வேண்டும்.

லாரி கீழே சாலையிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கவே இல்லை. உங்கள் ஆள் தோன் கிறிசாந்தோ மட்டும் மெஷினைப் பட்டையால் முதுகில் கட்டி, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு படியேறி வந்தார். எங்கள் வீட்டு மாடிப்படியில் அது நுழையவில்லை. உடனே மொட்டை மாடியிலிருந்து கயிறு விட்டு, அம்மாவின் கம்பளியால் மெஷினைச் சுற்றி, தெரு ஆண்களைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அது அந்தரத்தில் ஆடியபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டு தோன்யா ஹெனோவேவா ஜன்னலில் நின்று கத்தினாள்: "ஏய், மெல்ல இழுங்கய்யா! அது மெஷின், உங்க மாமியார் இல்ல!"

"மாமியாரா இருந்தா எப்பவோ கயித்த விட்டிருப்போம், தோன்யா!" என்றார் கிறிசாந்தோ.

மொட்டை மாடியில் குழாய் இணைத்து ஓடவிட்டதும், அம்மா முதலில் தன் ஏப்ரனைத்தான் உள்ளே போட்டாள். ஓட்டல் விரிப்புகளைக் கல்தொட்டியில் தேய்த்துத் தேய்த்து வெடித்த அவளுடைய கைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்று அந்தக் கைகள் சும்மா இருந்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கிறிசாந்தோ கிளம்பும்போது அம்மா ஒரு நோட்டை நாலாக மடித்து, "சோடாவுக்கு வெச்சுக்கோங்க" என்று நீட்டினாள்.

"வேணாம்மா. கடையில திட்டுவாங்க."

"கடைக்கு யாரு சொல்லப் போறா?" என்று அவர் சட்டைப்பையில் திணித்தாள்.

இவ்வளவு கஷ்டத்துக்குத் தனிக் கூலி உண்டா என்று அவரைக் கேட்டேன். "வாசல் வரைக்கும்தான் கூலி, பாப்பா. அதுக்கு மேல என் முதுகும் கடவுளும்" என்று சிரித்தார்.

மாதத் தவணையை அம்மா தவறாமல் கட்டுவாள். அந்தக் கைகளின் சார்பில் உங்களுக்கு நன்றி.

உங்கள் ஞானமகள்,
ஹசிந்தா


லெயோன்,
மார்ச் 17, 1986

என் செல்லம் ஹசிந்தாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கண்ணால் பார்த்ததுபோல எழுதியிருக்கிறாய். உன் அப்பா, என் தம்பி, இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பான்.

நீ உண்மை எழுதும் பெண் என்பதால் ஒரு விஷயம் தெரிய வந்தது. என் கடையில் பொருள் வாங்குகிறவர்கள் ஒரு தடவைதான் பணம் கொடுக்க வேண்டும். போன வருஷம் ஒரு விதவை சோடா காசு கொடுக்கவில்லை என்று என் ஆட்கள் அவளுடைய அடுப்பை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். அந்த அம்மா என் முன்னால் நின்று அழுதது எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து கை நீட்டுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை. கிறிசாந்தோவை நிறுத்திவிட்டேன். நல்ல உழைப்பாளிதான். ஆனால் ஒருவனை விட்டால் எல்லோரும் கேட்பார்கள்.

உன் அம்மா கொடுத்தது எவ்வளவு என்று அவனிடமே கேட்டு, அதை அவன் கூலியில் பிடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உனக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கிக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தை எவுலாலியா


குவனஹுவாத்தோ,
மார்ச் 21, 1986

திருமதி எவுலாலியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். உறையிலிருந்து நோட்டு விழுந்ததும் அம்மா அதை எடுக்கவில்லை. "ஹசிந்தா, மெஷின் ஒயரப் பிடுங்கு" என்றாள். பிடுங்கினேன்.

அவர் கை நீட்டவில்லை. வேண்டாம் என்றார். அதையும் எழுதியிருந்தேன். நீங்கள் இரண்டு தடவை படித்தீர்கள்.

அந்த விதவைக்காக நானும் வருந்துகிறேன். அடுப்பை வாசலில் போட்டவர் கிறிசாந்தோ என்று நீங்கள் எழுதவில்லையே. எங்கள் ரசீதில் "வீட்டில் பொருத்தித் தருவது உட்பட" என்று உங்கள் கடை முத்திரையுடன் இருக்கிறது. நீங்கள் கூலி கொடுப்பது வாசல் வரைக்கும். வாசலிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் உள்ள பணத்தை எங்களிடம் வாங்கிவிட்டீர்கள், அவருக்குக் கொடுக்கவில்லை. அம்மா கொடுத்தது அந்தப் பாக்கியில் ஒரு துளி. அதையும் பிடுங்கிக்கொண்டு, எனக்குப் புத்தகம் வாங்கச் சொல்கிறீர்கள்! அந்தப் புத்தகத்தை நான் எப்படித் திறப்பேன்?

மெஷினைக் கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறோம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கயிறு கட்டி இறக்கத் தெரிந்தவர் கிறிசாந்தோதான். அவரை வேலையில் சேர்த்து, மாடி வரைக்கும் கூலி பேசி அனுப்பினால் இறக்கலாம். அப்படி அவரே வந்தால், இறக்க வேண்டியதில்லை என்கிறாள் அம்மா. வேறு யார் வந்தாலும் கதவு திறக்காது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் லெயோனுக்கு பஸ் ஏறுகிறோம். உங்கள் வீட்டுக்கு அல்ல. அவர் வீட்டைக் கேட்டு விசாரித்து, அந்த நோட்டை அவர் கையிலேயே கொடுக்கப் போகிறோம். நான் எழுதியதால்தான் இப்படி ஆனது என்று நானே அவரிடம் சொல்வேன்.

மாடியில் அம்மா ஓட்டல் விரிப்புகளைக் கல்தொட்டியில் தேய்க்கும் சத்தம் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது. இறங்கி வந்தாள். மாடி விளக்கை அணைத்துவிட்டாள்.

ஹசிந்தா