கலாவதி எழுதிக்கொடுத்த ஆட்சேபணை

மிச்சம், லண்டன்
3.2.1991

அன்புள்ள அண்ணைக்கு,

நலம் என்று எழுதினால் பொய். இவரை மனநல ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹாரிஸ் சுவருக்குள்ளால் ஒட்டுக்கேட்கிறாள் என்று மூன்று வாரமாக இவருக்கு நித்திரையில்லை. சட்டப்படி மறித்து வைக்கிற இருபத்தெட்டு நாள் முடிய, விருப்பமில்லாவிட்டாலும் ஆறு மாதம் வைத்து மருந்து கொடுக்கவேண்டுமாம். மனைவி ஆட்சேபித்தால் விட்டுவிடுவார்களாம். "கலா, என்னை இங்கை விட்டிட்டுப் போகாதை" என்று கையைப் பிடித்து அழுகிறார். என்ன செய்ய? இவர் கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிற துவக்கும் வீட்டில்தான் இருக்கிறது. பொலிசில் கொடுக்கவா?

உங்கள் அன்புத் தங்கை,
கலாவதி

கொழும்பு
14.2.1991

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. உன் புருசன் குகதாசன் ஒருவரையும் கைநீட்டி அடிக்காத மனுசன். நாலு நாள் நித்திரை கொண்டால் சரியாகிவிடும். சுகந்தினியைப் பெண் பார்க்கத் தோர்ண்டன் ஹீத்திலிருந்து மாப்பிள்ளை பகுதியார் அடுத்த மாதம் வருகிறார்கள். தகப்பனுக்கு விசர் என்று கடதாசி இருந்தால் உன் மகளை யார் எடுப்பார்கள்? ஆட்சேபணை எழுதிக்கொடு. துவக்கைப் பற்றி வாய் திறக்காதே. பொலிஸ் வந்தால் தெருவே பார்க்கும்.

அன்புடன்,
அண்ணன் தியாகராஜா

மிச்சம்
12.3.1991

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சொன்னபடி எழுதிக்கொடுத்தேன். யோசித்துத்தான் செய்கிறீர்களா என்று கவுன்சிலிலிருந்து வந்த சமூகசேவைப் பெட்டை இரண்டு தரம் கேட்டாள். வீட்டில் ஆயுதம் உண்டா என்றும் கேட்டாள். இல்லை என்றேன்.

இவர் வந்துவிட்டார். டொக்டர் கொடுத்த மருந்துக் குளிசை போடுகிறாரில்லை. மாப்பிள்ளை பகுதியார் வந்தபோது நல்லாகத்தான் கதைத்தார், அவர்களுக்கும் பிடித்துக்கொண்டது. அவர்கள் போனதும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை.

தங்கை,
கலாவதி

மிச்சம்
20.4.1991

அண்ணைக்கு,

செய்தி கேட்டு நீங்கள் அடித்த தந்தி கிடைத்தது. துவக்கைத் துடைக்கும்போது தவறி வெடித்தது என்று சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனபிறகு அலுமாரியை உடைத்துத் துவக்கை எடுத்திருக்கிறார். மிஸிஸ் ஹாரிஸ் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாளாம். வேலிக்கு மேலால் இரண்டு தரம் சுட்டார். அந்த இடத்திலேயே செத்துப்போனாள். அவளுக்கு எழுபத்தொரு வயது. நான் தீபாவளிக்குக் கொடுக்கும் பலகாரத் தட்டை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தராதவள். பொலிஸ் கொண்டுபோகும்போது இவர் என்னைப் பார்த்து, "இனி நித்திரை கொள்ள ஏலும்" என்றார்.

பொலிசுக்கு ஒன்றும் விடாமல் சொன்னேன். டொக்டர்மார் கேட்டது, நான் மறுத்தது, ஆயுதமில்லை என்று பொய் சொன்னது, எல்லாம். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. ஆட்சேபணையில் இருக்கிற கையெழுத்து என்னுடையது. கல்யாணம் வேண்டாம் என்று சுகந்தினியே சொல்லிவிட்டாள்.

நாளை மிஸிஸ் ஹாரிஸின் மகள் வருகிறாள். கதவைத் தட்டினால் நான் திறக்கத்தான் வேண்டும். அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் எழுதவேண்டாம். இனி எதுவுமே எழுதவேண்டாம்.

கலாவதி