நெற்றியில் பட்ட கிலோ கல்

1991, ஆவணி. வெள்ளி இரவு.

நெற்றியில் ஐந்து தையல். வலி தூங்க விடவில்லை.

மளிகையை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார முடியாமல்தான் தாம்பரம் மார்க்கெட்டில் இந்தக் காய்கறிக் கடையைப் போட்டேன். வாசலில் ஒரு தராசு தொங்கும். எந்தக் கடையில் வாங்கியதையும் யாரும் அதில் நிறுத்துப் பார்க்கலாம்.

எதிர்க்கடை தேவராஜிடம் வாங்கிய வெங்காயத்தை இன்று காலை ஒரு அம்மா நிறுத்துப் பார்த்தார். எடை குறைந்தது. நேரே போய் அவன் முகத்திலேயே கொட்டிவிட்டார்.

"இன்னா பெருசு, என் பொழப்புல மண்ணு போடறியா?" என்று வந்தவன் தராசை எட்டி உதைத்தான். சட்டையைப் பிடித்தேன். கையோடு கொண்டுவந்த தன் கடைக் கிலோ கல்லால் நெற்றியில் அடித்தான். கண்ணெல்லாம் ரத்தம். நானும் விடவில்லை. தராசுத் தட்டால் வாயிலேயே போட்டேன். அவனுக்குப் பல் விழுந்தது. மளிகையில் மூட்டை தூக்கிய கை என்னுடையது.

கூட்டம் பிரித்துவிட்டது. பூக்காரி ராணி என் தராசுத் தட்டை மறுபடி மாட்டி, அந்த ரத்தக் கல்லை எடுத்து அதில் வைத்தாள். மறு தட்டில் என் கிலோ கல். அவன் தட்டு மேலே போய் நின்றது. கல்லின் அடியில் எடை சரிக்கட்ட ஊற்றியிருக்கும் ஈயத்தைச் சுரண்டியிருக்கிறான்.

"யோவ், அடிக்கிற கல்லுல கூடவா கம்மி?" என்றாள். மார்க்கெட்டே சிரித்தது.

இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருந்தால் மண்டை பிளந்திருக்குமாம். டாக்டர் சொன்னார்.

"இந்த வயசுல எதுக்குங்க, அந்தத் தராசைக் கழட்டிடுங்க" என்கிறாள் வீட்டுக்காரி. கழட்டிவிட்டு நான் என்ன செய்ய? காலையில் தட்டைக் கழுவி மாட்ட வேண்டும்.

தேவராஜ் இனி முழு எடைக் கல்தான் வாங்கியாக வேண்டும். அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.