மெல்லக் குட்டிய கை

ராயப்பன்பட்டி,
புதன்கிழமை.

அன்பு மகன் பிரின்ஸுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் அப்பாவும் நானும் சுகம், நீயும் மருமகள் ஜெனிபரும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை பேசியதில் தெரிந்துகொண்டேன். பேத்தி ஷெரினும் சுகம் என்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன், உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரெக்ஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. இந்தத் தடவை மழை பிந்திப் பெய்ததில் பன்னீர் திராட்சை கொடியிலேயே வெடித்துவிட்டது, கவாத்து வெட்ட ஆள் தேடி உத்தமபாளையம் வரை அலைந்துவிட்டு வந்து, பேசாமல் படுத்திருக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது ஜெனிபர் மெதுவாகச் சொன்னாள், இரண்டாம் வகுப்பு வந்தும் ஷெரினுக்கு வாசிப்பு வரவில்லை, ஒரு பக்கத்தில் ஒரே சொல்லை நாலு விதமாக வாசிக்கிறாள், தப்பாக வாசிக்கும் ஒவ்வொரு தரமும் நீ தலையில் குட்டுகிறாய் என்று. புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை வயிறு வலிக்கிறது என்கிறாளாம். அப்புறம் நீ வந்து போனை வாங்கி, சிரித்துக்கொண்டே, "நீ குட்டித்தானே எங்களுக்கெல்லாம் படிப்பு வந்துச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொன்னாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய், கட்டாகவில்லை ராசா, நான் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் ரிட்டயர் ஆன பிறகு நம் பங்குக் கோவில் ஹாலில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது, எழுத்துப் பிடிபடாத பிள்ளைகளுக்கு. உமாதேவி என்று ஒரு சின்னப் பெண், சிறப்பாசிரியர், அவள் நடத்துகிறாள், ஒத்தாசைக்கு நான் போகிறேன். அங்கே கரும்பலகையே கிடையாது. தட்டில் மணலைப் பரப்பி எழுத்தை விரலால் எழுதச் சொல்கிறாள், எழுதும்போதே வாய்விட்டு அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள், பிள்ளைகள் அதைத் தடவித் தடவிச் சொல்கிறார்கள். முழுக்கையையும் நீட்டிக் காற்றில் பெரிசாக எழுதுகிறார்கள், சொல்லைப் பிரித்துப் பிரித்துக் கை தட்டுகிறார்கள். கண்ணு ஒண்ணையே நம்பி இந்தப் பிள்ளைக படிக்க முடியாது டீச்சர், காதும் கையும் சேந்து வேலை பாக்கணும், மூளை எழுத்தை வாங்குற விதமே வேற, சோம்பேறித்தனம் இல்ல என்று எனக்குச் சொன்னாள். அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயராம். முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள், அந்தப் பேரை அறுபது வயசில்தான் கேட்டேன்.

நான் அங்கே போகத் தொடங்கிய இரண்டாவது சனிக்கிழமை, தட்டில் மணலை மட்டம் செய்ய மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு பெற்றோர் உட்காரும் பெஞ்சு ஓரமாக நடந்தேன். ஓரத்தில் ஒரு பெண், முப்பத்துநாலு முப்பத்தைந்து வயசு இருக்கும், மகளை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும் அவளுடைய வலது கை தானாக முன்னால் நீண்டது, உள்ளங்கையை விரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு நொடிதான். கண்ணைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். என் முகம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவள் கைக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. பேர் என்னம்மா என்று கேட்டேன். முத்துப்பேச்சி என்றாள்.

உனக்கு அந்தப் பேர் நினைவிருக்கிறதா? தேவாரம் பக்கம் மலையடிவாரத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது உன்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் என் வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தேன். முத்துப்பேச்சி உன் வரிசையில்தான் இருந்தாள். பாட்டெல்லாம் ஒரு தரம் கேட்டால் பாடிவிடுவாள், கணக்கை மனசிலேயே போடுவாள், பேர் எழுதச் சொன்னால் மட்டும் வராது. முத்து வரைக்கும் எழுதுவாள், 'பே'யில் நின்றுவிடுவாள். வாய் 'ப' என்று தொடங்குகிறது, கை அதற்கு முன்னால் இரட்டைக் கொம்பைப் போட வேண்டியிருக்கிறது, அது அவளுக்குப் பிடிபடவே இல்லை. திமிர் என்று நினைத்து ஸ்கேலால் உள்ளங்கையில் அடித்தேன். சரியாகச் சொன்னவர் சொல்லாதவர் தலையில் குட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டேன், வகுப்பில் எப்போதும் சரியாகச் சொன்னவன் நீ. இரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் வரவில்லை. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு அம்மாவோடு ஜீப்பில் போகிறாள் என்றார்கள், ஒருவர் குறைந்தார் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

இப்போது மறக்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த விரிந்த கை என் கூடவே இருக்கிறது. கடையில் சில்லறைக்கு யாராவது கையை நீட்டினால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பூசையில் நன்மை அப்பம் வாங்க ஆட்கள் கையேந்தி நிற்கும்போது குனிந்துகொள்கிறேன். எத்தனை பிள்ளைகள், யார் யார் என்று யோசித்தால் முகங்கள் வரிசையாக வருகின்றன, பாதிக்குப் பேர் வரவில்லை, அது இன்னும் மோசம்.

அடுத்த சனிக்கிழமை குழாயடியில் மகள் ஜோதிலட்சுமியின் கையில் ஒட்டிய மணலை முத்துப்பேச்சி கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், முத்துப்பேச்சி என்னை மன்னிச்சிரு தாயி என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. தோட்டத்தில் மலையாளம் பேசப் பழகிவிட்டதாகவும், சம்பள நோட்டில் ரேகைதான் வைப்பதாகவும், மகளுக்கும் அதே மாதிரி எழுத்து ஆடுவதைப் பார்த்துத்தான் இங்கே கூட்டி வந்ததாகவும் வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் பிரின்ஸ் நல்லாயிருக்கானா என்று கேட்டாள். நல்லாயிருக்கான் என்றேன். குழாயை மூடிவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அவன் மொத நாளு மெல்லத்தான் குட்டுனான் டீச்சர். வலிக்கவே இல்ல. நீங்கதான், ஏலே, ஓங்கிக் குட்டுடான்னு சொன்னீக. ஓங்கிக் குட்டிட்டு அவன் எடத்துல போய் உக்காந்து அழுதான். நீங்க போர்டு பக்கம் திரும்பியிருந்தீக, பாக்கல. அப்புறம் அவனுக்குப் பழகிப்போச்சு."

மகளின் கையைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை, கேட்டுக் கேட்டு அவளைத் தொந்தரவு பண்ணுவது எனக்குத்தான் ஆறுதல், அவளுக்கு என்ன? ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வருகிறாள். ஜோதிலட்சுமி இப்போது இரண்டு வரி சேர்ந்தாற்போல் வாசிக்கிறாள், வரி தப்பாமலிருக்க உமாதேவி அட்டையில் சன்னல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். போன மாதம் பின்னாலிருந்து பார்த்தேன், முத்துப்பேச்சி மகளுடைய தட்டை இழுத்து வைத்துக்கொண்டு தன் பேரை எழுதினாள். உமாதேவி அவளிடம், மொதல்ல எது கேக்குதோ அதை எழுதுங்கக்கா, கொம்பைப் பெறகு முன்னால போட்டுக்கலாம், ஒண்ணும் குடி முழுகாது என்று சொல்லியிருந்தாள். 'பே' வந்ததும் முதலில் 'ப' போட்டாள், உதட்டை அசைத்துப் பார்த்தாள், அப்புறம் முன்னால் கொம்பு. முழுப்பேரும் வந்துவிட்டது. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது ராசா, எதை முதலில் போட்டால் என்ன என்று சொல்ல ஒரு ஆள். நான் நிற்பது தெரிந்ததும் மணலைக் கையால் தடவி மட்டமாக்கிவிட்டாள். எனக்குக் காட்ட அவளுக்கு விருப்பமில்லை. அது நியாயம்தான்.

நீ கெட்டவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஏழு வயசில் உனக்கு இருந்த இரக்கத்தை நான்தான் அடித்துத் துரத்தினேன், அது உன் குற்றம் இல்லை. ஷெரின் தலையில் விழுவது இனிமேல் உன் கணக்கு. நாளைக்கே அவளை இதற்கென்று உள்ள டாக்டரிடமோ ஆசிரியரிடமோ காட்டு, ஜெனிபரைத் தனியாக அனுப்பாதே, நீயும் போ. புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வை. ரவையோ மணலோ தட்டில் கொட்டி, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து எழுது. அவள் தப்பாகச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

உனக்கும் ஜெனிபருக்கும் ஆண்டவர் பொறுமையைத் தரட்டும், பிள்ளை பயமில்லாமல் தூங்கி எழட்டும். அப்பா ஆசீர் சொல்லச் சொன்னார், வெயிலில் அலையாதே என்றார். கூட ஒரு அட்டை வைத்திருக்கிறேன், ஷெரின் பேரைத் தடித்த நூலால் ஒட்டியிருக்கிறேன். அவளை எதையும் வாசிக்கச் சொல்லாதே. கண்ணை மூடச் சொல்லி, விரலைப் பிடித்து நூல் மேலே நடத்திவிடு. மெல்ல.

உன் அம்மா,
ஆரோக்கியம்மாள்