மச்சம் தெரிகிற கருப்பு

காலையில் ஃபோட்டோத் தாள் எடுக்கத் தேயிலைப் பெட்டியைத் திறந்தேன். தேயிலைத் தூள் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய அந்தப் பழைய பலகைப் பெட்டியை நீ ஃபேக்டரியிலிருந்து கேட்டு வாங்கி வந்த அன்று நான் சிரித்தேன். "சிரிடி, நல்லாச் சிரி. சித்திரபுரத்து மழைக்குத் தாளும் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். நமுத்த தாள்ல மை ஊறிப்போச்சுன்னா கருப்பெல்லாம் கஞ்சியாத்தான் வரும்" என்றாய். இந்த ஆனி மழையிலும் பெட்டிக்குள் தாள் மொறுமொறுவென்று இருக்கிறது. நீ இல்லாமல் வருகிற முதல் மழைக்காலம் இது.

நம் பழைய பிரிண்டர் போன வாரம் கண்ணை மூடிவிட்டது. புதிது வந்து இறங்கியிருக்கிறது. பழையதற்கு நீ போட்டுவைத்த அளவுகளெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அதெல்லாம் இதற்குச் செல்லாது. ஒருத்திக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டை இன்னொருத்தி போட முடியுமா என்று நீயே கேட்பாய். ஆகவே, கருப்பு வெள்ளைப் படத்துக்கு மெஷினைப் பழக்குகிற வேலை முதல் தடவையாக என் தலையில் விழுந்திருக்கிறது.

எனக்கும் ஃபோட்டோவுக்கும் ஆகாது என்று தெரிந்துதான் என்னை உன் ஃபோட்டோக் கடைக்குக் கூப்பிட்டாய். நீ கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், நான் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். ஒரே பெஞ்சில் படித்ததால் என் கதை முழுவதும் உனக்குத் தெரியும். பெண் பார்க்கிறவர்களுக்கு அனுப்புவதற்காக எடுத்த படத்தில், ஸ்டூடியோக்காரர் என்னை மைதா மாவில் புரட்டியதுபோல வெளுத்துக் கொடுத்தார். படம் பிடித்துப்போய் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பி வந்தார்கள். காப்பித் தட்டோடு போய் நின்ற என்னைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா, "ஃபோட்டோல இருக்க பிள்ளையக் கூப்பிடுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அம்மா உண்மையாகவே கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆதார் கார்டுக்குத் தவிர எந்தக் கேமராவுக்கு முன்னாலும் நான் உட்கார்ந்ததில்லை. கடைக்கு வரும்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்குச் சுவரில் மாட்டத் தேயிலை மலை வேண்டும், வீடுகளுக்குக் காலமானவர்களின் படம் வேண்டும், இரண்டையும் நாமே அடிக்கலாம் என்று நீ அந்தப் பிரிண்டரை வாங்கினாய். முதல் நாள் அடித்த கருப்பு வெள்ளை மலையெல்லாம் பாசி பிடித்ததுபோலப் பச்சையடித்தது. நிழல் விழுந்த இடமெல்லாம் தார் ஊற்றினாற்போல இருந்தது. நானாக இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். நீ துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாய். கலர் மைகளை அடக்கிவிட்டு, சாம்பல் மைகளை முன்னுக்குக் கொண்டுவந்தாய். வெள்ளையிலிருந்து கருப்பு வரை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுகிற கட்டங்களை ஒரே தாளில் அடித்துப் பார்த்தாய். கடைசிக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கருப்பாகிக் கிடந்தன.

"பாத்தியா, நாம லேசான்னு சொன்னா இது ரொம்பன்னு எடுத்துக்குது. எங்க அத்தை மாதிரி" என்றாய்.

தாளைக் காயவைத்தாய். ஸ்கேனரில் வைத்து, ஒவ்வொரு கட்டமும் கேட்டதைவிட எவ்வளவு கருத்திருக்கிறது என்று கண்டுபிடித்தாய். அந்த அளவுக்கு மையைக் குறைத்து மறுபடி அடித்தாய். மறுபடி காயவைத்தாய். உன் பொறுமையைப் பார்த்து எனக்குத்தான் கோபம் வந்தது. ஒரு வழியாகக் கட்டமெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து வந்த பிறகும் உனக்குத் திருப்தியில்லை.

"கட்டம் சரியாத்தான் இருக்கு. ஆனா கட்டத்துக்கு யாரு மாலை போடப்போறா? ஒரு மொகம் வேணும்டி."

அந்த முகம் என்னுடையது என்று எனக்கு அப்போது தெரியாது. ஜன்னலோரம் நின்று கூரியர்காரனோடு ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னை நீ எடுத்துவிட்டாய். பிரிண்டரிலிருந்து என் முகம் நகர்ந்து வந்ததைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை நீ மறந்திருக்க மாட்டாய்.

"கருப்பு சரியா வருதான்னு பாக்க நான்தான் கெடைச்சேனா? ஊர்ல எருமையே இல்லியா?"

"எருமை சொன்னா நிக்கும். நீ நிக்க மாட்டேங்கிறியே" என்றாய், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

முதலில் வந்தது கண்ணும் பல்லும் மட்டும். எனக்குப் பழகிய முகந்தான். அடுத்து நீ நிழலில் மையை அதிகமாகக் குறைத்துவிட்டாய். அப்போது விபூதி பூசிய சாமியார்போல வந்தேன். நீ இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி கம்ப்யூட்டருக்குப் போனாய். நான் கோபித்துக்கொண்டு டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "இப்பப் பாக்காத, ஈரம் காயட்டும்" என்று படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாய். காய்ந்த பிறகும் உள்ளே வைத்துக் காட்டவில்லை. டியூப்லைட் ஏமாற்றும் என்று வராந்தாவுக்குக் கொண்டுபோனாய். வெளியே மஞ்சு பனிமூட்டமாக இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

நெற்றியில் ஒரு கருப்பு, கன்னத்து மேட்டில் வெளிச்சம் வழுக்கிப் போகிற ஒரு கருப்பு, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் களைத்த கருப்பு, கூந்தலில் வேறொரு கருப்பு. எதுவும் எதன்மேலும் ஏறவில்லை. இடது கன்னத்தில் என் மச்சம் இருந்தது. அதுவரை எடுத்த எந்தப் படத்திலும் அது வந்ததே இல்லை. ஒன்று கருப்பில் மூழ்கிப் போயிருக்கும், இல்லை மாவில் மறைந்து போயிருக்கும். சண்டைக்காரி முகம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. படத்தை மச்சத்துக்கு நேராகக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "உன்னக் குத்தம் சொன்னவுகள்லாம் மெஷினச் சரிபண்ணாமப் பாத்திருக்காக, அம்புட்டுதான்" என்றாய். இத்தனை பெரிய விஷயத்தை அத்தனை சாதாரணமாகச் சொல்ல உன்னால்தான் முடியும். உன்மேல் எனக்கு அன்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. மதிப்பு வந்தது அந்த வராந்தாவில்தான்.

அதற்காக நீ ஊரைத் திருத்தக் கிளம்பவில்லை. காலமானவரின் படத்தைக் கொடுத்து, "கொஞ்சம் வெளுப்பாப் போட்டுக் குடுங்க" என்று கேட்காத வீடே இங்கே கிடையாது. நீ வெளுத்தது ஒன்று, உள்ளது ஒன்று என இரண்டு அடித்து மேசைமேல் வைப்பாய். பலர் வெளுத்ததைத்தான் எடுத்துப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "அவுக வீட்டுச் சொவரு, அவுக ஆளு. நாம ரெண்டயும் காட்டணும், அவ்வளவுதான்" என்பாய். கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா மட்டும் வெளுத்த புருஷனை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தாளு என்னய ஏசவே மாட்டாரு போலயே. அந்தக் கருத்தவரக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனாள். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்தாய்.

மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் படத்தை நானே அடித்து உன் அம்மாவிடம் கொடுத்தேன். நீ சிவப்பு, எந்த மெஷினும் உன்னைக் கெடுக்காது. ஆனாலும் காயவைத்து, வராந்தாவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இன்று புது மெஷினில் கட்டங்களை அடித்து, அளந்து, மையைக் குறைத்துக் கட்டங்களைப் பிரித்துவிட்டேன். அடுத்து முகம் வேண்டும். நீ எடுத்த பழைய படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் தாளையும் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமே. அந்தப் படத்தில் இருக்கிறவளுக்கு நரை இல்லை. அதனால் கேமராவை ஸ்டாண்டில் வைத்தேன். ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, நானே போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

முதல் படம் சற்றுமுன் வந்தது. கட்டத்தில் ஒழுங்காக இருந்த மெஷின், முகம் என்றதும் சொதப்பிவிட்டது. கண்ணும் பல்லும்தான் தெரிகின்றன, மிச்சமெல்லாம் தார். முன்பென்றால் போடிக்கார அம்மாவின் குரல் காதில் கேட்டிருக்கும், தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். இன்று அது கேட்கவில்லை. நிழலில் மை கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் குறைக்கணும் என்றுதான் தோன்றியது. அதைத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு, அடுத்த தாளை மெஷினில் வைத்தேன்.